மகள் கிராபிக் டிசைன் படிக்க ஆசைப்படுகிறாள். டெல்டாவிலேயே இருந்து இந்தத் தொழிலில் நிலைக்க முடியுமா?

வெண்ணாற்றுக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகள் பிளஸ் 2 முடித்துவிட்டாள். கணக்கு, அறிவியல் பிரிவில் நல்ல மதிப்பெண். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யலாம் என்று பேச்செடுத்தபோது, "எனக்கு கிராபிக் டிசைன்தான் வேண்டும் அப்பா" என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். பள்ளி ஆண்டு மலர், ஊர் மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் எல்லாம் கொஞ்ச காலமாக அவள் கைவேலைதான்.

நான் விவசாயி. மேட்டூர் அணை திறந்தால் குறுவை, தள்ளிப்போனால் சம்பா என்று ஆற்றை நம்பிப் பிழைப்பவன். இந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கொடுக்கிறார்கள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. சென்னைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமா? பெண் பிள்ளை, கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ படித்து இங்கேயே வேலை பார்க்க வழி இருக்கிறதா? துறையில் இருப்பவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மன்னை அச்சகம் எழுதியது:

ஐயா, நான் மன்னார்குடியில் அச்சகமும் பிளெக்ஸ் கடையும் நடத்துகிறேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

என் கடையில் இரண்டு பேர் டிசைன் செய்கிறார்கள். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, இவைதான் அன்றாட வேலை. வாடிக்கையாளர் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "மாமா படத்தைப் பெரிதாக்கு, மச்சான் பெயரை மேலே கொண்டு போ" என்பார். விலை சதுர அடிக்குத்தான். டிசைனுக்கு என்று தனியாகப் பத்து ரூபாய் கேட்டால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். அங்கே "டிசைன் இலவசம்" என்று பலகையே வைத்திருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு அனுமதி விஷயத்தில் கெடுபிடி வந்தது. அந்தக் கெடுபிடி நியாயமானது. ஆனால் பேனரை நம்பியிருந்த எங்கள் வேலை சுருங்கியது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்கிறீர்கள். பொறியியலில் சேர்த்துவிடுங்கள், படம் வரைவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளட்டும்.

அரசலாறு எழுதியது:

மன்னை அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அவர் சொன்னது கடையின் கதை. தொழில் கடையோடு முடிந்துவிடுவதில்லை.

நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவள். சென்னையில் விளம்பர நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, வீட்டிலிருந்தே தொழில் செய்கிறேன். முதலில் படிப்பு. கும்பகோணம் கல்லூரியில் பி.எஃப்.ஏ. என்ற கவின் கலை இளங்கலைப் படிப்பு நான்கு ஆண்டு. ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று பிரிவுகள். உங்கள் மகள் கேட்பது மூன்றாவது. அரசுக் கல்லூரி, கட்டணம் உங்கள் கையைக் கடிக்காது. சென்னையில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. வெளி மாநிலம் என்றால் அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், ஐஐடிகளில் பி.டெஸ். என்ற வடிவமைப்பு இளங்கலைப் படிப்பு. இவற்றுக்குத் தனித்தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஐஐடிக்கான யூசீட் தேர்வை எந்தப் பாடப் பிரிவில் படித்தவரும் எழுதலாம்.

கும்பகோணம் என்றால் இளப்பமாக நினைக்க வேண்டாம். ஓவியர் கோபுலு தஞ்சாவூரில் 1924-இல் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டுத்தான் விகடனுக்குப் போனார். பத்திரிகையில் பெயர் எடுத்தபின் விளம்பரத் துறைக்கு மாறி, சொந்தமாக விளம்பர நிறுவனமும் நடத்தினார். ஓவியராகத் தொடங்கி வடிவமைப்பாளராக வளர்வது நம் மண்ணுக்குப் புதிது அல்ல.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். உங்கள் மகள் தமிழ் எழுத்தை வரையக் கற்றுக்கொள்ளட்டும். மென்பொருளை யூடியூப் பார்த்து யாரும் கற்கலாம். பெங்களூரிலும் கீவ்விலும் மணிலாவிலும் இருப்பவர்கள் அவளைவிடக் குறைந்த கூலிக்கு லோகோ செய்து தருவார்கள். ஆனால் தமிழில் ஓர் அரிசி மூட்டைக்கோ பள்ளிக்கூடப் பாடநூலுக்கோ மருத்துவமனை அறிவிப்புக்கோ எழுத்தை ஒழுங்காக அமைத்துத் தரும் ஆள் மிகக் குறைவு. எனக்குச் சோறு போடுவது அதுதான்.

ஓர் உதாரணம். சாணித்தாளில் அச்சாகும் ஒரு வேளாண் கையேட்டை நான் வடிவமைத்தேன். சின்ன அளவில் தடித்த எழுத்து போட்டால் மை பரவி, மூன்று சுழி ணகரத்தின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். அது இரண்டு சுழி னகரமாகத் தெரியும். "மண்" "மன்" ஆகிவிடும். ஆகவே சுழிகளின் உள்ளே வெளி அதிகம் உள்ள எழுத்துருவைத் தேட வேண்டும், அல்லது எழுத்தின் அளவை அரைப் புள்ளி (பாயிண்ட்) கூட்ட வேண்டும், வரி இடைவெளியையும் அதற்கு ஏற்பத் திறக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுதிய எந்தப் பாடப் புத்தகத்திலும் இது கிடையாது. அச்சகத்தில் நின்று, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கற்க வேண்டியது.

நாகைக்கடல் எழுதியது:

அரசலாறு அக்கா சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. படித்து முடித்ததும் சில ஆண்டுகளாவது சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்க வேண்டும். நான் நாகப்பட்டினத்துக்காரன், சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் கலை இயக்குநர். விளம்பர வாசகம் எழுதுபவர், புகைப்படக்காரர், வாடிக்கையாளர் தொடர்பு பார்ப்பவர் என்று பலரோடு மோதிக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் ஊரில் தனியாக உட்கார்ந்தால் வராது. தன் வேலையைப் பத்துப் பேர் முன்னால் வைத்து, ஏன் இந்த நிறம், ஏன் இந்த எழுத்து என்று வாதாடத் தெரிந்தவருக்குத்தான் பிற்பாடு நல்ல விலை கிடைக்கிறது. அக்காவும் அப்படித்தானே ஊர் திரும்பினார்?

மற்றபடி, செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் திரை வடிவமைப்பது இப்போது பெரிய பிழைப்பு. அதற்கான பிக்மா மென்பொருள் தெரிந்திருந்தால் நீடாமங்கலத்தில் இருந்தே வெளிநாட்டுக்கும் வேலை செய்யலாம்.

மயூரத்துத் தூரிகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறையில் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தவன் நான். பேரன் தட்டச்சு செய்து தருகிறான். தமிழ் எழுத்து பற்றிப் பேச்சு வந்ததால் சும்மா இருக்க முடியவில்லை.

பிளெக்ஸ் வருவதற்கு முன் ஊரில் எந்தக் கடைப் பலகையும் எங்கள் கையால்தான் எழுதப்படும். உரக்கடை, நகை அடகுக் கடை, டிராக்டர் கம்பெனிச் சுவர் விளம்பரம், பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர். தட்டைத் தூரிகை, எனாமல் பெயின்ட், சுண்ணாம்பு தோய்த்த நூல், அவ்வளவுதான் சாமான். சுவரில் நூலை இழுத்துக் கட்டித் தெறித்தால் நேர்கோடு விழும். மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டு போதாது தமிழுக்கு. இகரக் கொக்கி மேலே ஏறும், ழகரத்தின் வால் கீழே இறங்கும், அதற்கு மேலும் கீழும் இன்னும் இரண்டு கோடு. "கூத்தாநல்லூர்" என்று எழுதினால் "கூ" எவ்வளவு அகலம், "ர்" எவ்வளவு ஒடுக்கம் என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கட்டம் போட்டால் "ர்" பக்கத்தில் பல் விழுந்த வாய் போல் ஓட்டை தெரியும். அதனால் கரித்துண்டால் நடு எழுத்தை முதலில் குறித்து, இரண்டு பக்கமும் கண்ணால் நிரவிக்கொண்டே போவோம். அளவுகோல் பொய் சொல்லும், கண் சொல்லாது என்பார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்.

1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. பழைய லை, ளை, னை, ணை எல்லாவற்றிலும் முன்னே வளைந்து தூக்கும் கொம்பு போய்விட்டது. றா, னா, ணா மாறின. எங்களுக்குக் கை பழகவே கொஞ்ச காலம் பிடித்தது. செட்டியார் கடைகளில் பழைய எழுத்துதான் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டவர்களும் உண்டு.

பிளெக்ஸ் வந்ததும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வர்ணம் அடிக்கப் போய்விட்டார்கள். கை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் மயிலாடுதுறைக்கு அழைத்து வாருங்கள். தூரிகை பிடிக்கச் சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம்.

வெண்ணாற்றுக்கரை எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை மகளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரலாமா என்று தனிமடலில் கேட்டிருக்கிறேன்.

அரசலாறு அம்மா, இன்னொரு கேள்வி. இவ்வளவு தெரிந்தும் "டிசைன் இலவசம்" என்பவரோடு எப்படிப் போட்டி போடுவது?

அரசலாறு எழுதியது:

போட்டியே போடுவதில்லை. என் பில்லில் வடிவமைப்புக் கட்டணம் என்று தனி வரி இருக்கும். அச்சுக்கூலி எனக்குச் சம்பந்தம் இல்லாதது. அதை வாடிக்கையாளர் நேரடியாக அச்சகத்துக்குக் கொடுப்பார், சிவகாசிக்கே போனாலும் சரி. இந்தப் பிரிப்பைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். வடிவமைப்பையும் அச்சையும் ஒரே தொகையாகச் சொன்னால், பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது நம் உழைப்புதான்.

கும்பாபிஷேகப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் அது சாதாரண வேலையா? யாகசாலை நிகழ்ச்சி நிரல் காலம் காலமாக, உபயதாரர் பட்டியல், அதில் முன் பின் வரிசை தவறினால் ஊரே இரண்டுபடும். கோபுரப் படம் எடுக்க வேண்டும், பிழை திருத்த வேண்டும், எல்லாத் தரப்பும் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குத் தனியாகக் கட்டணம் கேட்டபோது எந்த அறங்காவலரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை, ஏனென்றால் வேலை என்ன என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவேன். 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. கடந்த முறை 2016-இல் ஊருக்குள் வைத்த வழிகாட்டிப் பலகைகளை நினைத்துப் பாருங்கள். வெளியூர்க்காரர் குளத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் வழி தெரியாமல் திண்டாடினார்கள். கூட்டத்துக்கு நடுவில், முப்பது அடி தள்ளி நிற்கும் வயதானவர் படிக்கும்படி ஒரு பலகையை அமைப்பதும் எங்கள் தொழில்தான்.

மன்னை அச்சகம் எழுதியது:

அம்மா, பில்லில் தனி வரி என்பதை நானும் யோசிக்கிறேன். ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல். கல்லூரியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு எழுத்துருவில் வேலை செய்து அனுப்புகிறார்கள். இங்கே எங்கள் கணினியில் திறந்தால் "கொ" என்பதில் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. எங்கள் கடையில் எல்லாம் கோரல் டிரா மென்பொருளும் பாமினி என்ற பழைய எழுத்துருவும்தான்.

அரசலாறு எழுதியது:

அண்ணா, அது மென்பொருள் அமைப்பில் இந்திய மொழி விருப்பத்தை இயக்காததால் வருவது. இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்து தொடர்பான விருப்பங்களுக்குள் போய் அதைத் தேர்வு செய்து, பத்தி அமைப்பிலும் உலக மொழிகளுக்கான அமைப்பியைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். அச்சுக்கு அனுப்பும் பிரதியை மட்டும் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி, அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பை அவர்கள் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பாமினியில் அடித்த வாசகத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், இணையத்தில் தேடவும் முடியாது. இலவசமாகக் கிடைக்கும் நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் இப்போது உண்டு: நோட்டோ, கேட்டமரன், முக்த மலர், பலூ தம்பி. இவற்றை வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பச்சை நிறத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் எல்லோரும் வயல் படம் கேட்பார்கள். திரையில் பளிச்சென்று தெரியும் நாற்றங்கால் பச்சை, நான்கு வண்ண அச்சில் வராது. மங்கிப்போகும். அச்சான பிறகு வாடிக்கையாளரோடு சண்டை போடுவதைவிட, முதலிலேயே அச்சு வண்ணத்துக்கு மாற்றிக் காட்டி ஒப்புதல் வாங்குவது மேல்.

தஞ்சை மேலவீதி எழுதியது:

நான் தஞ்சாவூர் ஓவியம் செய்பவள். மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் தொழில். பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்து பூசி, தேய்த்து வழுவழுப்பாக்கி, கோடு போட்டு, கல் பதித்து, மேடு எழுப்பி, தங்கத் தாள் ஒட்டி, கடைசியாகத்தான் வர்ணம். ஒரு படத்துக்கு வாரக் கணக்கில் ஆகும். புவிசார் குறியீடு கிடைத்த கலை.

என் மனக்குறை வேறு. முடித்த படத்தை யாராவது செல்போனில் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் அது ஏதோ ஒரு திருமண மண்டபத்தின் பேனரிலும் நாள்காட்டியிலும் இருக்கும். கேட்டால், சாமி படம்தானே அம்மா, யாருக்குச் சொந்தம் என்கிறார்கள். கிருஷ்ணன் பொது. ஆனால் என் கை போட்ட கோடு பொதுவா?

நாகைக்கடல் எழுதியது:

அக்கா, அது உங்களுடையதுதான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, கலைப்படைப்பைச் செய்தவரே அதன் முதல் உரிமையாளர். பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் இல்லை. ஆனால் இரண்டு விதிவிலக்குகளை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வேலையின் பகுதியாகச் செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். அதேபோல் ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். ஆகவே ஆர்டர் வாங்கும்போதே, "படம் உங்களுக்கு, நகலெடுக்கும் உரிமை எனக்கு" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

லோகோ செய்யும் பிள்ளைகளுக்கும் இதே பாடம். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையை விற்ற பிறகும், படைத்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களை விட்டுப் போகாது. எங்கள் பக்கம் வடிவமைப்பாளர் பெயரைப் போடும் வழக்கம் குறைவு. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஓவியர், பக்க வடிவமைப்பாளர் பெயர்களை அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு நிறைவாக இருக்கும்.

தென்னந்தோப்பு எழுதியது:

படம் வரைவதற்கெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இந்தத் தொழிலுக்கு இன்னும் எத்தனை நாள்?

அரசலாறு எழுதியது:

சாமி படம், வயல் படம், வாழ்த்து அட்டைப் பின்னணி, இவற்றில் கூலி குறைந்துவிட்டது. அதில் சந்தேகம் வேண்டாம். தமிழ் எழுத்தில் அந்தக் கருவிகள் வெகுகாலம் தடுமாறின, இப்போது தேறி வருகின்றன. நாளைக்கு இன்னும் தேறும். ஆனால் எதைச் சொல்ல வேண்டும், யாருக்கு, எந்தத் தாளில், எவ்வளவு பெரிதாக என்று தீர்மானிப்பதற்கு ஆள் வேண்டும். அந்தத் தீர்மானத்துக்குத்தான் கட்டணம் வாங்குகிறேன், சுட்டியை நகர்த்துவதற்கு அல்ல.

எழுத்து நுட்பத் தொழில் என்றால் நம் கடற்கரையைச் சொல்லாமல் விட முடியாது. 1706-இல் சீகன்பால்க் என்ற ஜெர்மன் பாதிரியார் தரங்கம்பாடிக்கு வந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்து வார்த்து அனுப்பினார்கள். அவை அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்தை வார்த்தார்கள். ஈயம் போதாமல் பாலாடைக் கட்டி வந்த டப்பாக்களை உருக்கினார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. எழுத்தைச் சிறிதாக்கினால் எத்தனை தாள் மிச்சமாகும், படிக்கவும் வர வேண்டுமே என்று அவர்கள் கணக்குப் போட்டதைத்தான் நான் வேளாண் கையேட்டுக்குப் போட்டேன். எனக்கு இது பெருமை.

துறையூர் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்த ஆதிமூலமும் ஓவியர்தான். ஆனால் சிற்றிதழ்களின் தலைப்பெழுத்துகளிலும் புத்தக அட்டைகளிலும் அவர் தூரிகை எழுதிய தமிழ் இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது. ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்தமைப்பு பற்றித்தான் ஆய்வு செய்தார். 2010-இல் அந்தக் குறியீடு ஏற்கப்பட்டது. எழுத்தை ஆழமாகப் படித்தவர்கள் வீண் போவதில்லை.

வெண்ணாற்றுக்கரை எழுதியது:

மயிலாடுதுறை போய்வந்தோம். ஐயா பழைய தகரப் பலகை ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னார். முதல் நாள் முழுவதும் புள்ளியும் சுழியும் மட்டும். தூரிகையைப் பலகையில் வைத்து அழுத்தாமல், தோளில் இருந்து கையை இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். இவளும் சளைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கும்பகோணத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டோம். மன்னை ஐயா, விடுமுறையில் உங்கள் கடையில் அவள் சும்மா வந்து வேலை பார்க்கலாமா? மையும் தாளும் பழக வேண்டும் என்கிறாள்.

மன்னை அச்சகம் எழுதியது:

வரட்டும். சும்மா வேண்டாம், பையன்களுக்குக் கொடுப்பதை அவளுக்கும் கொடுக்கிறேன். எங்கள் கணினியில் அந்த இந்திய மொழி விருப்பத்தையும் வந்து சரி செய்து கொடுக்கட்டும்.

தென்னந்தோப்பு எழுதியது:

என் கேள்வி குதர்க்கமாக இருந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டுக்கோட்டையில் பிளெக்ஸ் கடையில்தான் நானும் இருக்கிறேன், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கஜா புயல் சமயத்தில் மின்சாரம் இல்லாமல் கடையே மூடிக் கிடந்தபோது வேறு தொழிலுக்குப் போயிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றும். கல்லூரிக்குப் போகும் வயது இல்லை. என்னைப் போன்றவனுக்கு வழி உண்டா?

அரசலாறு எழுதியது:

தம்பி, உண்டு. கடையில் இருந்ததால் அச்சு உங்களுக்குத் தெரியும். அது கல்லூரிப் பிள்ளைகளுக்கு இல்லாத பலம். வேலை கேட்டுப் போகும்போது, செய்த பேனர் எல்லாவற்றையும் அள்ளிக் காட்டாதீர்கள். இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் ஊர்க் கடைகளில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காய் எண்ணெய் மில், ஒரு மருந்துக்கடை, ஒரு டீக்கடை. அவர்கள் கேட்காமலேயே பெயர்ப் பலகை, பை, ரசீது மூன்றையும் ஒரே குடும்பமாகத் தெரியும்படி நீங்களாக வடிவமைத்துப் பாருங்கள். பெயரை எழுத்துருவில் அடிக்காமல் கையால் வரைந்து, பிறகு கணினியில் ஏற்றுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் வாங்கக் காசு இல்லாவிட்டால் இங்க்ஸ்கேப் இலவசம்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதுங்கள்: கடைக்கு யார் வருகிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து பலகையைப் பார்க்கிறார்கள், ஏன் இந்த எழுத்து. வேலை கொடுப்பவர் படத்தைவிட அந்த நான்கு வரியைத்தான் கவனித்துப் படிப்பார். எண்ணெய் மில்லின் பலகை முடிந்ததும் இந்த இழையிலேயே ஏற்றுங்கள். நானும் பார்க்கிறேன், மயூரத்து ஐயாவும் எழுத்தைத் திருத்திக் கொடுப்பார்.